மூன்று கேள்வி, மூன்று 'இல்லை'

அத்தியாயம் பதினான்கு

போன ஞாயிற்றுக்கிழமை கொன்சுவேலோ வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மருமகள் எலோய்சாவின் பெருமைதான் பிரதான பதார்த்தம். "எங்க வீட்டுக் கேப்டன் பகல்ல கண்ணு பாக்கறா, சாயங்காலம் வியாபாரம் படிக்கறா. வியாழக்கிழமை பெரிய பெரிய ஆபீசருங்க முன்னாடி பேசப் போறா" என்று வந்தவர்களிடமெல்லாம் மாமியார் சொன்னதைப் படித்தீர்கள். அதே மேஜையில், அவளைப் போலவே ராணுவத்தில் இருக்கும் இளைய மகன் இசிட்ரோ, "என் கண்ணுக்குள்ள ஒரு கொசு குடித்தனம் வந்திருக்கு" என்று சொன்னதும், எல்லாரும் சிரித்ததும் நினைவிருக்கலாம். எலோய்சாவும் சிரித்தாள்.

அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது.

சான் அன்டோனியோ ராணுவ மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்தபடியே எலோய்சா தன் பேச்சை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"அண்ணி, கொசு போயிடுச்சு."

"நல்லதுதானேடா?"

"இப்ப வேற வந்திருக்கு. இடது கண்ணுல, மூக்குப் பக்கத்துல கீழேருந்து கறுப்பா ஏறுது. படகுல ஓட்டை விழுந்து தண்ணி ஏறுமே, அந்த மாதிரி."

எலோய்சாவின் கையிலிருந்த காகிதங்கள் மடியில் விழுந்தன.

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல. அதான் அம்மாவுக்குக் கோவம். வலியே இல்லாம எதுக்குடா காலங்காத்தால என்னைக் கார் ஓட்ட வச்சேன்னு திட்டிக்கிட்டே வர்றாங்க."

பின்னால் கொன்சுவேலோவின் குரல் கேட்டது. "கேப்டனம்மாகிட்ட சொல்லு, நான் அடுப்புல வச்சதை அப்படியே எறக்கி வச்சுட்டு வர்றேன்னு!"

வலி இல்லாததுதான் இதில் மோசம். கண்ணின் உட்சுவரில் சுவர்க்காகிதம் போல ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. விழித்திரை என்பது அதுதான். வெளிச்சத்தைப் படமாக வாங்குவது அதன் வேலை; வலியை உணர அதற்குத் தெரியாது. அதனால் அது கிழிந்தாலும் சத்தம் போடாது. கிழிசல் வழியாக நீர் புகுந்து, படலத்தைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டே போகும். உரிந்த இடம் இருட்டு. மேலே உரிந்தால் இருட்டு கீழே தெரியும், ஏனென்றால் கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுகிறது. இசிட்ரோவுக்குக் கீழேயிருந்து ஏறுகிறது என்றால், மேலேயிருந்து உரிந்து இறங்குகிறது என்று பொருள்.

நடுவில், எழுத்தைப் படிக்கும் அந்தச் சின்னப் புள்ளி உரியும் முன்னால் பிடித்துவிட்டால் பார்வை தப்பும். அதுவும் உரிந்துவிட்டால், திரும்ப ஒட்டினாலும் பழையபடி வராது.

எலோய்சா கண் பிரிவை நோக்கி ஓடினாள்.

*

இசிட்ரோவின் கண்ணில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, அது வேலை செய்யும்வரை அவனும் கொன்சுவேலோவும் எலோய்சாவும் சின்னப் பரிசோதனை அறையில் காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருப்பைத்தான் எலோய்சா ஒழித்திருந்தாள்.

ராணுவம் அவளை இரண்டு படிப்பையும் சேர்த்துப் படிக்க வைத்ததே அதற்காகத்தான். கண் பார்க்கத் தெரிந்தவருக்கு மருத்துவமனையை நடத்தத் தெரியாது. நடத்தத் தெரிந்தவருக்குக் கண் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் வேண்டும். வணிக வகுப்பில் முதல் வாரமே ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள்: ஒரு வரிசை எவ்வளவு வேகம் போகும் என்பதை அதில் மிக மெதுவாக வேலை நடக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. எலோய்சாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. டிசம்பரில் மாமியார் வீட்டில் தமாலே செய்ய எல்லாரும் கூடும்போது பார்த்திருக்கிறாள். பத்துப் பேர் இறைச்சி வைத்து மடிக்கத் தயாராக இருந்தாலும், சோள மட்டையில் மாவு தடவுகிற அத்தை மெதுவாகத் தடவினால் பானை நிரம்பாது.

கண் மருத்துவத்தில் அந்த மாவு தடவும் அத்தை யார்? சொட்டு மருந்து. விட்டுவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். நாற்காலி அடைபட்டுக் கிடக்கும். சிப்பாய்க்கும் அன்று முழுக்க வெயில் கூசும், துப்பாக்கி குறி வைக்க முடியாது.

அதனால் வெளிநாடு கிளம்பும் சிப்பாய்களுக்கு அவள் ஒரு புது வழி வைத்தாள். நாற்பது வயதுக்குக் கீழ் என்றால் மூன்று கேள்வி. கண்ணில் மின்னல் அடிக்கிறதா? புள்ளி மிதக்கிறதா? நிழல் விழுகிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் சொட்டு மருந்து வேண்டாம், அடுத்த ஆள் வரலாம்.

சொட்டு விடாமல் கண்ணுக்குள் பார்ப்பது சாவித் துவாரம் வழியாக வீட்டைப் பார்ப்பது போல. கூடத்தின் நடு தெரியும். மூலைகள் தெரியாது. கிழிசலோ மூலையில்தான் வரும். அதிலும் இசிட்ரோ மாதிரி தடிமனான கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் நீண்டிருக்கும். ஊதிப் பெரிசாக்கிய பலூன் போலப் படலம் ஓரத்தில் மெலிந்திருக்கும்.

இதெல்லாம் எலோய்சாவுக்குத் தெரியாததா?

"படுடா. அசையாதே. மேலே பார். இடது மேலே."

தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு குனிந்தாள். உரிந்த படலம் சாம்பல் நிறத்தில், ஈரத் துணி போல மடிப்பு மடிப்பாக அசைந்தது. நடுப்புள்ளியை இன்னும் தொடவில்லை. ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது.

இன்னும் ஓரத்தில், மெலிந்த பட்டையில், கிழிசல் இருந்தது. அதைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு.

எலோய்சா இன்னும் கிட்டே குனிந்தாள். சுவரில் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் கறை படியுமே, அது மாதிரிக் கோடு அது. ஒரே நாளில் படியாது. மாதக்கணக்கில்தான் படியும். அப்படியென்றால், அடுத்த மாதம் போலந்து கிளம்பவிருக்கும் படையை மூன்று மாதம் முன்பு ஜிம் கூடத்தில் வரிசையாக நிறுத்திப் பரிசோதித்த அன்றைக்கே இந்தக் கிழிசல் இருந்திருக்கிறது. அன்று பார்த்திருந்தால் ஐந்து நிமிட லேசர் போதும்.

அன்று இசிட்ரோவிடம் மூன்று கேள்வியையும் கேட்டது வேறு யாருமில்லை, அவளேதான். பின்னால் வரிசை நின்றது. "இல்லை, இல்லை, இல்லை மேடம்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு அவன் கண்ணடித்தான். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டாள்.

"என்ன அண்ணி, என்ன தெரியுது?"

"ஜிம்ல உன்னைப் பாத்தேனே. அப்பவே மின்னல் அடிச்சுதா?"

இசிட்ரோ கூரையைப் பார்த்தபடியே சிரித்தான். "அடிச்சுது. வாணவேடிக்கை மாதிரி இல்ல, சும்மா ஓரத்துல பளிச் பளிச்னு. சொன்னா போலந்து போற வாய்ப்பு போயிடும்ல? என் செட்டு மொத்தமும் கிளம்புது, நான் மட்டும் இங்க உக்காந்து கட்டு போடச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருக்கணுமா?"

"அதுக்காகப் பொய் சொல்லுவியா?"

"அண்ணி, ராணுவத்துல யாரு 'ஆமா' சொல்லுவா?"

மூலையில் உட்கார்ந்திருந்த கொன்சுவேலோ நிமிர்ந்தாள். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவங்கப்பா இருபது வருஷம் சர்வீஸ் பண்ணாரே, முதுகு வலிக்குதா? இல்லை. தூக்கம் வரலியா? இல்லை. எல்லாத்துக்கும் இல்லை. அப்படித்தான் இந்த வீட்டுல சோறு வெந்தது. ஏன், நீ சேரும்போது முழங்கால் வலின்னு எழுதினியா?"

எழுதவில்லை. முழங்காலில் தையல் போட்டிருந்தும் எலோய்சா எழுதவில்லை.

"அது வேற, அத்தை."

"என்ன வேற? எங்க தெருவுல போற பொம்பளைங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே, சிப்பாய்கிட்ட கேள்வி கேட்டா 'இல்லை'ன்னுதான் வரும்னு! சொட்டு ஊத்தியிருந்தா அவன் பொய் சொன்னா என்ன, நெசம் சொன்னா என்ன? கண்ணு பொய் சொல்லுமாடி?"

"மெதுவாப் பேசுங்க. அவன் தலை அசையக் கூடாது."

"அசைய மாட்டான். நீ சொன்னா அவன் மூச்சுகூட விடமாட்டான். உன் மேல அவ்ளோ நம்பிக்கை." கொன்சுவேலோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதுதான் அவனுக்கு வந்த வியாதி."

"அம்மா, விடுங்க" என்றான் இசிட்ரோ. "அண்ணிக்கு இன்னிக்குப் பெரிய நாள். தப்பு என் மேலதான். போதுமா?"

அறுவை மருத்துவர் மேஜர் டென்னிசன் வந்து பார்த்தார். "நடு இன்னும் ஒட்டியிருக்கு. நல்ல நேரத்துல புடிச்சீங்க கேப்டன். ஆபரேஷன் தியேட்டர் காலியாகட்டும், இன்னிக்குக் காலையிலேயே பண்ணிடலாம். அதுவரைக்கும் மல்லாந்து படுத்திருக்கட்டும்."

நல்ல நேரத்தில் பிடித்தாளாம். எலோய்சா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அத்தை, இவன் கூட இருங்க. நான் கூட்டத்தை முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

கதவு வரை போனவள் திரும்பி, "படுத்தே இருடா" என்றாள். இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கண் மருத்துவரும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார். மனசு முழுக்கக் கூட்டமே நிறைந்திருந்ததால் அது அவள் வாயில் வரவில்லை.

*

கூட்ட அறை வாசலில் நின்று சட்டையைச் சரி செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டாங்கடி!" கொன்சுவேலோவின் குரல் உடைந்திருந்தது. "சாப்ட்டிருக்கானாம், மயக்க மருந்து குடுக்க மாட்டாங்களாம்."

"சாப்ட்டானா? என்ன சாப்ட்டான்?"

"பையில டாக்கோ வச்சிருந்தேன். முட்டையும் உருளைக்கிழங்கும் வச்சு மடிச்ச ரொட்டி. புள்ள காலையிலேருந்து ஒண்ணும் திங்கலியேன்னு..."

"படுத்துக்கிட்டே எப்படித் தின்னான்?"

"எழுந்து உக்காந்துதான். ரெண்டு வாய்தான்டி. நீ ஒண்ணும் சொல்லலியே..."

எழுந்து உட்கார்ந்தால் நீர் கீழே இறங்கும். இறங்கும் வழியில் நடுப்புள்ளி இருக்கிறது.

'நான் சொல்ல மறந்துட்டேன் அத்தை.' இதைச் சொன்னால் போதும். மாமியாருக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய உபகாரம் என்று எலோய்சாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

"ஆபரேஷன்னா வெறும் வயிறுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றாள். "ஊட்டி ஊட்டியே அவன் கண்ணைக் கெடுத்துட்டீங்க. போங்க, போய் அவனைப் படுக்க வைங்க."

எலோய்சா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

*

பேச்சு பிரமாதமாக அமைந்தது.

தமாலே உதாரணத்துக்குச் சிரித்தார்கள். சொட்டு மருந்து நாற்காலிகளின் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரே வாரத்தில் ஒரு படைப்பிரிவு முழுவதையும் பரிசோதித்து முடித்த கதைக்கு, எப்போதும் உம்மென்றிருக்கும் கர்னல் பிரெண்டா ஹாஸ்கூடப் பேனாவை மேஜையில் தட்டினார். இந்த இரட்டைப் படிப்புக்குத் தலைவர் அவர்தான். இன்றைக்கு அவர் 'சரி' என்றால் எலோய்சாவின் மூன்று கேள்வி எல்லா ராணுவ முகாமுக்கும் போகும். எலோய்சாவும் கூடவே போவாள், மேலே.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அதிகாரி கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம் கேப்டன். சொட்டு விடாததால ஏதாவது தவறிப் போச்சா? ஒண்ணாவது?"

அவள் தயார் செய்து வைத்திருந்த பதில் 'ஒன்றுகூட இல்லை சார்'. நேற்று வரை அது உண்மை. இன்றைய விஷயம் இன்னும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆனால் டென்னிசனுக்குத் தெரியும். நாளைக்கு வெளியே வந்தால் மறைத்ததாகிவிடும்.

முழு உண்மையையும் சொல்லலாம். 'என் திட்டத்துக்கு அடித்தளமே ஓட்டை சார். சிப்பாய் 'இல்லை'ன்னுதான் சொல்லுவான். எங்க வீட்டு அடுப்படியில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்கும் தெரியும்.' அவ்வளவுதான், இரண்டு வருஷ உழைப்பு இந்த அறையிலேயே முடிந்துவிடும்.

எலோய்சா தண்ணீர் குடித்தாள்.

"ஒண்ணு இருக்கு சார். இன்னிக்குக் காலையிலதான் வந்தது. விழித்திரை உரிஞ்சிருக்கு. கேள்வியில குறையில்ல. முன்னாடியே மின்னல் தெரிஞ்சும் அந்தச் சிப்பாய் இல்லைன்னு சொல்லியிருக்கார். அதை என்கிட்டயே ஒத்துக்கிட்டார்."

"தெரிஞ்சே மறைச்சாரா?"

"தெரிஞ்சேதான் சார். வெளிநாடு போற வாய்ப்பு போயிடும்னு."

"அப்ப அது பொய் வாக்குமூலம்" என்றார் கர்னல் ஹாஸ். "திட்டத்துல ஒரு வரி சேத்துக்கலாம். கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி, பொய் சொன்னா தண்டனைன்னு படிச்சுக் காட்டிடுங்க. யாரு அந்தச் சிப்பாய்?"

"சார்ஜென்ட் இசிட்ரோ கான்டூ, மேடம்."

கர்னல் அவள் சட்டையில் தைத்திருந்த பெயரைப் பார்த்தார். அதிலும் கான்டூதான்.

"உங்க சொந்தமா?"

"என் வீட்டுக்காரரோட தம்பி."

கர்னல் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்தம்னு பாக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் படிப்பையே ஆரம்பிச்சோம்."

மற்றவர்கள் கைதட்டினார்கள்.

*

அறுவை சிகிச்சை மாலையில்தான் நடந்தது. எலோய்சா போனபோது டென்னிசன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஒட்டிட்டேன். ஆனா நடுவும் உரிஞ்சு போச்சு. காலையில பண்ணியிருந்தா தப்பிச்சிருக்கும். இப்ப பழைய பார்வை வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

உள்ளே இசிட்ரோ குப்புறக் கிடந்தான். ஒட்டிய படலத்தை அமுக்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி விட்டிருந்தார்கள். குமிழி எப்போதும் மேலே மிதக்கும். ஒட்டவேண்டிய இடம் கண்ணின் பின்பக்கம். பின்பக்கம் மேலே வர வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். அதனால் ஓட்டை வைத்த மெத்தையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தரையும், வந்து நிற்பவர்களின் செருப்பும்தான்.

"அண்ணி ஷூ" என்றான். "எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சுடா."

"சொன்னேன்ல!"

கொன்சுவேலோ நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். எலோய்சாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். காலையில் கத்திய பெண்ணே இல்லை அவள்.

"நான்தான்டி பாவி" என்றாள் மெதுவாக. "நீ எவ்ளோ பாடுபட்டுக் காப்பாத்தி வச்சே, நான் டாக்கோவைக் குடுத்துக் கெடுத்துட்டேன். உன் புருஷன் ரமிரோகிட்டயும் போன்ல சொல்லிட்டேன், என்னாலதான் தம்பி கண்ணு போச்சுன்னு. எண்ணெய்க் கிணத்துல வேலை பாத்துக்கிட்டே அழறான். நீ என்னைத் திட்டினது சரிதான்."

"விடுங்க அத்தை" என்றாள் எலோய்சா. "நடந்தது நடந்து போச்சு."

மன்னிக்கிற குரலில் சொன்னாள். கொன்சுவேலோ அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

இசிட்ரோவின் போன் அடித்தது. அது கொன்சுவேலோவின் மடியில் இருந்தது. திரையைப் பார்த்தாள்.

"உன் மேலதிகாரிடா, கேப்டன் ராலின்ஸ்."

"விசாரிக்கத்தான் கூப்பிடுவார். ஸ்பீக்கர்ல போடுங்கம்மா."

கொன்சுவேலோ பட்டனை அமுக்கிவிட்டு, பதறிப்போய் போனை எலோய்சாவின் கையில் திணித்தாள். "நீ பேசு. நீயும் கேப்டன், அவரும் கேப்டன். புள்ள வேலைக்கு ஒண்ணும் வராம சொல்லு. நான் பேசினா ஒளறிடுவேன்."

எலோய்சா ஸ்பீக்கரை அணைக்கத் தேடினாள். விரலுக்குப் பட்டன் அகப்படவில்லை.

"கேப்டன் கான்டூ பேசறேன். நான் அப்புறமா..."

"அட, நீங்களேவா! உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்." ராலின்ஸின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "கர்னல் ஹாஸ் ஆபீஸ்லேருந்து பேசினாங்க. சார்ஜென்ட் மேல பொய் வாக்குமூலம்னு விசாரணை வைக்கச் சொல்லிட்டாங்க. நிரூபணமாச்சுன்னா பட்டையை உருவிடுவாங்க, வீட்டுக்கும் அனுப்பிடலாம். அவன் உங்ககிட்ட ஒத்துக்கிட்டதை அப்படியே சாட்சியா எழுதிக் குடுத்துடுங்க. உண்மையைச் சொல்லணும்னா, சொந்தக் கொழுந்தனையே விடலேன்னு கேட்டப்போ எனக்கே புல்லரிச்சுது."

கொன்சுவேலோ சற்றுமுன் மருமகள் கையில் முத்தமிட்ட உதட்டைப் புறங்கையால் துடைத்தாள்.

மெத்தையின் ஓட்டைக்குள்ளிருந்து இசிட்ரோவின் குரல் வந்தது. தரையோடு பேசுவது போல இருந்தது.

"சார், நான் சார்ஜென்ட் கான்டூ. எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

மறுமுனை தடுமாறியது. "சார்ஜென்ட்... எப்படி இருக்கே?"

"கவுந்து கெடக்கேன் சார். விசாரணைல என் சாட்சியும் எடுப்பீங்களா?"

"கண்டிப்பா. அது உன் உரிமை."

"அப்ப நாளைக்குக் காலையிலேயே வாங்க சார். அன்னிக்கு ஜிம்ல, நான் கண்ணடிச்சு 'இல்லை'ன்னு சொன்னப்போ, கேள்வி கேட்டவங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு நான் சொல்றேன். கண்ணுதான் போச்சு. வாய் இருக்கு."

எலோய்சா அவனருகே ஓரடி வைத்தாள். "இசிட்ரோ..."

கொன்சுவேலோ நடுவே வந்து நின்று, அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"வெளிய போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ, கேப்டனம்மா. புள்ளைக்கு வெளிச்சம் கூசும்."